தங்கத்தை மறக்கச் சொன்னவர்கள்

தங்கத்துக்கு மக்கள் கொடுக்கும் மதிப்பு மிகையானது, அதை அவர்கள் கைவிட வேண்டும் என்று வற்புறுத்தும் முயற்சி இந்தியாவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தொடர்ந்து நடந்துவருகிறது. சீர்திருத்தவாதிகள் ஒழுக்கம் பேசினார்கள். நிதியமைச்சர்கள் அந்நியச் செலாவணிக் கணக்கை எடுத்துக் காட்டினார்கள். சட்டம் தண்டனையைக் காட்டியது. வங்கிகள் வட்டியைக் காட்டின. இவற்றுள் எது எந்த அளவுக்குப் பலித்தது, பலிக்காதவை ஏன் பலிக்கவில்லை என்பதே இக்கட்டுரை பரிசீலிக்கும் கேள்வி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, திருவரங்கத்துக்குக் கிழக்கில் அமைந்த திருவானைக்காவலை நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டால் இக்கேள்வியின் பெரும்பாலான பக்கங்கள் ஒரு நகரப் பேருந்து ஓடும் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. உக்கிரம் தணிய ஆதிசங்கரர் அணிவித்ததாக மரபு சொல்லும் அகிலாண்டேஸ்வரி அம்மனின் தாடங்கம் என்னும் காதணி, பொன் வேய்ந்த திருவரங்க விமானம், திருச்சிக் கடைவீதியின் நகைக்கடைகளும் அவற்றையொட்டிய அடகுக்கடைகளும், சமயபுரத்து உண்டியல், விமான நிலையத்தின் சுங்கப் பிரிவு ஆகிய அனைத்தும் அந்த வட்டத்துக்குள் இருக்கின்றன.

தங்கத்தின் மதிப்பு வெறும் கற்பிதம் என்ற எண்ணம் பழமையானது. தாமஸ் மோர் 1516இல் வெளியிட்ட ‘உட்டோபியா’வில் வரும் கற்பனைத் தீவினர் தங்கத்தைக் கழிவுப் பாத்திரம் செய்யவும் அடிமைகளுக்கு விலங்கு பூட்டவும் பயன்படுத்துகிறார்கள், சிறு வயதிலிருந்தே இழிவோடு சேர்த்துக் காட்டினால் எந்தப் பொருளின் மீதும் ஆசை எழாது என்பது மோரின் கணக்கு. லெனின் 1921இல் ஏறக்குறைய இதே கனவைத் திரும்பச் சொன்னார். நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறையை, அதாவது பொன் திட்டத்தை, நாகரிகமற்ற காலத்தின் எச்சம் என்று கெய்ன்ஸ் 1923இல் எழுதினார். நடைமுறையில் நடந்ததோ வேறு. 1933இல் ரூஸ்வெல்ட் அமெரிக்கக் குடிமக்களிடமிருந்த தங்க நாணயங்களையும் கட்டிகளையும் அவுன்ஸுக்கு 20.67 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே அரசு விலையை 35 டாலராக உயர்த்தினார். இது உனக்கு வேண்டாம் என்று சொல்லி வாங்கியவர், வாங்கிய கையோடு அதன் விலையை ஏற்றியது இக்கதையில் பலமுறை திரும்ப வரும் ஒரு நிகழ்வுக்கு நல்ல முன்மாதிரி.

இந்தியாவில் அரசின் பெருமுயற்சி 1962 சீனப் போரோடு தொடங்குகிறது. அந்நியச் செலாவணி வறண்டிருந்தது. கடத்தல் தங்கம் கடற்கரை வழியே வந்துகொண்டிருந்தது. உள்நாட்டு விலையோ உலக விலையைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 1962 நவம்பரில் ஆறரை சதவீத வட்டியுடன் தங்கப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. கொடுக்கும் தங்கத்துக்கு 10 கிராமுக்கு 53 ரூபாய் 58 காசு என்ற சர்வதேச விலைதான் மதிப்பாக வைக்கப்பட்டது. கடைவீதியில் நூறு ரூபாய்க்கு மேல் போகும் பொருளை அரசு அதில் பாதி விலைக்குக் கேட்டது. பதினைந்தாண்டு கழித்து ரூபாயாகத் திருப்பித் தருவதாகவும் சொன்னது. நாடு முழுவதிலும் திரண்டது 16 டன் அளவு. போர்க்காலத்தில் பாதுகாப்பு நிதிக்கு வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்த பெண்கள் ஏராளம். ஆனால் அது கொடை. கொடுத்த பொருள் உயர்ந்தது என்பதால்தான் அது கொடையாயிற்று. அக்கொடையைத் தங்க ஆசை தேய்ந்ததன் அடையாளமாக அன்றைய அரசு எடுத்துக்கொண்டதாகத் தோன்றுகிறது.

1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்த் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். நகை தவிர்த்த தங்கத்தை, அதாவது கட்டி, நாணயம் போன்றவற்றை, அரசிடம் அறிவிக்க வேண்டும். புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேற்பட்ட தரத்தில் இருக்கக் கூடாது. காரட் என்பது இருபத்து நான்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதைச் சொல்லும் அளவு. 22 காரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம் இருக்கும். 14 காரட்டில் 58 பங்குக்குச் சற்று மேல் மட்டுமே. தரம் குறைந்தால் நகையின் கவர்ச்சி குறையும், கவர்ச்சி குறைந்தால் வாங்கும் பழக்கம் தேயும், பழக்கம் தேய்ந்தால் கடத்தலுக்கு வேலையிருக்காது என்பது தேசாயின் எதிர்பார்ப்பு. சட்டம் என்ற பெயரில் நடந்தாலும், அடிப்படையில் இது மக்கள் மனத்தை மாற்றும் திட்டம். காந்தியவாதியான தேசாய்க்கு நகை மீது தனிப்பட்ட வெறுப்பும் இருந்தது.

அடி விழுந்தது பட்டறையில். பத்தர் எனப்படும் பொற்கொல்லர், உமியோட்டில் கரி மூட்டி, ஊதுகுழலால் சுடரைக் குவித்து, வாடிக்கையாளர் கொண்டுவரும் தங்கத்தை உருக்கி, தட்டி, கம்பி இழுத்து நகையாக்குவார். 22 காரட் தங்கம் சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். செம்பும் வெள்ளியும் கூடிய 14 காரட் விறைப்பானது, தட்டத் தட்ட இறுகும். பொடிவைத்து ஒட்டும் வேலையும் வேறாகிவிடும். கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ளப் பத்தர் தயாராக இருந்தாலும், செய்த நகையை வாங்க ஆளில்லை. வாங்குபவரின் தயக்கத்துக்கு நிறம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அடகுக்கடைக்காரர் நகையின் ஓரத்தைக் கட்டளைக்கல்லில் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் அமிலம் ஒரு துளி விட்டுப் பார்த்துத்தான் கடன் தொகையைச் சொல்வார். தரம் குறைந்த தங்கத்தின் கோடு அமிலத்தில் மங்கிப்போகும். குடும்பத் தலைவி நகை செய்யக் கொடுக்கும்போதே அந்தக் கல்லை மனத்தில் வைத்துத்தான் கொடுக்கிறார். 14 காரட் நகை கழுத்துக்கு அழகு செய்யலாம், அவசரத்துக்கு உதவாது. டில்லியில் விதி எழுதியவர்கள் கண்ணாடியை நினைத்தார்கள், கட்டளைக்கல்லை நினைக்கவில்லை.

பல லட்சம் பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள்; தற்கொலைச் செய்திகள் நாடாளுமன்றம் வரை எதிரொலித்தன; ராஜாஜி இக்கட்டுப்பாட்டைக் கடுமையாக எதிர்த்தார். மறுவாழ்வுக் கடன் என்று அரசு கொடுத்தது, ஊதுகுழல் தவிர வேறெதையும் பிடித்தறியாத கைகளுக்குப் போதவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் காமராசர் திட்டத்தின்படி தேசாய் பதவி விலக, அடுத்து வந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் காலத்தில் பழைய நகையைப் பழைய தரத்திலேயே மாற்றிச் செய்ய இசைவு கிடைத்தது. 1966இல் 14 காரட் வரம்பே போயிற்று. இடையில் 1965இல் அரசு வெளியிட்ட இரண்டு பத்திரங்கள், ஆய்வுக்கென்றே அமைந்த சோதனைபோல் உள்ளன. ரூபாயாகத் திருப்பித் தருவதாகச் சொன்ன ஏழு சதவீதப் பத்திரத்துக்குச் சுமார் 6 டன் தங்கம் வந்தது. முதிர்வில் தங்கமாகவே திருப்பித் தருவதாகச் சொன்ன தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரத்துக்கு, அதன் வட்டி மிக அற்பமாக இருந்தும், அதைப்போல இரு மடங்குக்கு மேல் வந்தது. தங்கத்தை விட்டுவிடு என்று சொன்னபோது வராதது, திருப்பித் தருகிறேன் என்று சொன்னபோது வந்தது.

1968இல் தனிச் சட்டமாகவே வந்த தங்கக் கட்டுப்பாட்டை (நிதித் துறை அப்போது மீண்டும் தேசாயிடம் இருந்தது) விரிவாகப் பேச வேண்டியதில்லை. தனிநபர் கட்டித் தங்கம் வைத்திருக்கத் தடை, வணிகருக்கு உரிமம், பத்தருக்குச் சான்றிதழ், ஆய்வாளர்களுக்குச் சோதனை அதிகாரம் என்று அது நீண்டது. 1969இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுச் சில பிரிவுகளை மட்டும் நீக்கியது. இருபத்திரண்டு ஆண்டுகள் நடப்பிலிருந்தும் கடத்தல்காரர்களைத் தவிர வேறு யாரும் அதனால் செழித்ததாகத் தெரியவில்லை. 1990இல் மது தண்டவதே நிதியமைச்சராக இருந்தபோது அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்குக்கூடக் காணாது என்ற நிலையில், இந்திய அரசு முதலில் 20 டன் தங்கத்தை ஸ்டேட் வங்கி மூலம் வெளிநாட்டில் விற்றுப் பணம் திரட்டியது. ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன்னை வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தது. ஆண்டுக்கணக்கில் குடிமக்களுக்குத் தவறென்று போதித்த காரியத்தை, நெருக்கடி வந்ததும் அரசு அவர்கள் செய்யும் முறையிலேயே செய்தது. 2009இல் ரிசர்வ் வங்கி பன்னாட்டு நிதியத்திடமிருந்து 200 டன் வாங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், எந்த விளம்பரத்தை விடவும் அரசின் இந்நடத்தையே மக்களுக்கு அதிகம் சொல்லியிருக்கும்.

ஒன்றின் மதிப்பை மறுப்பதற்கு முன், அது செய்யும் வேலை என்ன என்று பார்ப்பது முறை. காவிரிப் படுகையில் நிலம் ஆண்கள் பெயரில் இருந்த காலம் நெடியது. தமிழ்நாட்டில் மகளுக்குக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கிடைத்ததே 1989இன் சட்டத் திருத்தத்தால்தான். அதுவரையில், ஏன் அதற்குப் பின்னரும், பெண்ணின் பெயர் எழுதாமலேயே பெண்ணுடையதாக இருந்த ஒரே சொத்து அவள் கழுத்திலும் காதிலும் கையிலும் இருந்தது. திருமணத்தின்போது அவளுக்கு வரும் உடைமையான சீதனம் அவளுக்கே உரியது, அதைக் கணவன் வீட்டார் வைத்துக்கொள்வது குற்றமாகும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டில் அந்தச் சீதனம் பலமுறை அவள் சம்மதமின்றியே அடகுக்குப் போயிருக்கிறது என்பதும் மறைக்க வேண்டியதன்று. ஆனாலும் விதைப்புக்கும், கல்லூரிக் கட்டணத்துக்கும், மருத்துவமனை முன்பணத்துக்கும் எந்தப் படிவமும் பிணையாளும் இல்லாமல் அரைமணி நேரத்தில் பணமாகும் பொருள் வேறெதுவும் அந்த வீட்டில் இல்லை. வருமான வரித்துறையே 1994இல், சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரையிலான நகைகளைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்று தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது.

கோயில்களின் பங்கு இதைவிடப் பழையது. கழஞ்சுக் கணக்கில் பொன் பெற்றுக்கொண்டு, அதன் வட்டியில் நந்தாவிளக்கு எரிக்க ஒப்புக்கொள்ளும் சோழர் காலக் கல்வெட்டுகள் தமிழகமெங்கும் உள்ளன. கழஞ்சு என்பது ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ள அளவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் திருவரங்க விமானத்துக்குப் பொன் வேய்ந்து, அதைத் தன் பட்டப்பெயராகவே வைத்துக்கொண்டான். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 தங்க நாணயங்கள் கிடைத்தன. மொத்த எடை 1.716 கிலோ. புதைத்தவருடைய அரசு இன்றில்லை, அந்த அரசின் ஆணை எதுவும் செல்லாது. நாணயங்கள் மட்டும் அன்றைக்கே கருவூலக் கணக்கில் ஏறும் தகுதியோடு வெளியே வந்தன. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்ற அறிவிப்பைக் கேட்ட தலைமுறைக்கு இந்த ஒப்பீட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒழுக்க வழியில் வற்புறுத்தியவர்களில் காந்தி தனித்து நிற்கிறார். 1933-34இல் தீண்டாமை ஒழிப்புக்காக அவர் மேற்கொண்ட பயணத்தில் கூட்டங்கள்தோறும் பெண்களிடம் நகை கேட்டார். கேட்டதோடு நிற்காமல், கொடுத்த நகைக்கு ஈடாகப் புதிது வாங்கக் கூடாது என்றும் நிபந்தனை வைத்தார். மலபாரின் வடகரையில் பதினாறு வயதுக் கௌமுதி தன் நகைகளை அவ்வாறு கழற்றிக் கொடுத்ததைப் பற்றிக் காந்தியே எழுதினார். இங்கே தங்கத்தின் மதிப்பு மறுக்கப்பட்டதா என்றால், ஒரு பெண்ணின் அளவில் ஆம் என்றே சொல்ல வேண்டும். காந்தி அவளுக்கு வட்டி எதுவும் காட்டவில்லை. நகையில்லாத கழுத்தை மதிக்கும் ஒரு கூட்டத்தை அவள் முன் நிறுத்தினார். அக்கூட்டம் கலைந்தபின் அந்த மதிப்பு எத்தனை வீடுகளில் நிலைத்தது என்பது வேறு கேள்வி.

திருச்சியில் பெரியார் மாளிகையைத் தம் இயக்கத்தின் முக்கிய இடமாகக் கொண்டிருந்த பெரியார், வேறு முனையிலிருந்து தாக்கினார். நகை பெண்ணுக்குச் செல்வம் என்ற கருத்தையே அவர் ஏற்கவில்லை. பெண்ணை அலங்காரப் பொம்மையாக்கி அடிமைத்தனத்தை அவளே விரும்பும்படி செய்யும் கருவி என்றார். தாலியையும் அவ்வாறே கண்டார். 1967இல் அண்ணா அரசு இயற்றிய திருத்தம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொடுத்தது. மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றில் எதுவும் போதும் என்றது. அரை நூற்றாண்டு கடந்து பார்க்கும்போது, புரோகிதர் இல்லாத மேடை தமிழகத்துக்குப் பழகிவிட்டது, பவுன் பேசாத திருமணம் இன்னும் அரிதாகத்தான் இருக்கிறது. பெரியாரின் வாதம் தோற்றது என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். சொத்துரிமை குறித்து 1929 செங்கற்பட்டு மாநாட்டிலேயே அவர் இயக்கம் நிறைவேற்றிய தீர்மானம் அறுபதாண்டுகள் கழித்துத்தான் சட்டமானது. நகையின் வேலையைச் செய்ய வேண்டிய மாற்று அதுவரை பெண்ணின் கைக்கு வந்து சேரவில்லை.

பொருளாதார அறிவுரையின் அடுத்த சுற்றை நடத்தியவர் செட்டிநாட்டுக் கண்டனூரில் பிறந்த ப. சிதம்பரம் என்பதில் ஒரு சுவை உண்டு. திருமணச் சீரைப் பட்டியலிட்டு எழுதிவைக்கும் வழக்கமுள்ள பகுதி அது. 2012-13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது வெளிநாட்டுக்குச் செலுத்துவதற்கும் அங்கிருந்து பெறுவதற்குமான இடைவெளி, உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்தைத் தொட்டது. தங்கம் வாங்கும் ஆசையைத் தவிர்க்கும்படி நிதியமைச்சர் வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டார்; இறக்குமதி வரி 2013 என்ற ஒரே ஆண்டில் 4 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாயிற்று. வேண்டுகோளைக் கேட்டு வாங்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. வரியைக் கேட்டு வேலை பெற்றவர்கள் ‘குருவிகள்’ எனப்படும், உடலிலும் பெட்டியிலும் மறைத்துத் தங்கம் கொண்டுவரும் கூலிப் பயணிகள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் விமானங்கள் வந்திறங்கும் திருச்சியில் தங்கம் பிடிபட்ட செய்தி நாளிதழின் வழக்கமான பகுதியாகவே மாறியது.

2015 நவம்பரில் தொடங்கிய தங்க வைப்புத் திட்டம் வேறு மொழி பேசியது. தங்கத்தை மறுக்காமல், சும்மா கிடக்கும் தங்கத்தை வேலை செய்ய வையுங்கள் என்றது. நகையை மதிப்பீட்டு மையத்தில் கொடுத்தால் உருக்கித் தரம் பார்த்து வங்கியில் வரவு வைப்பார்கள். இரண்டேகால், இரண்டரை சதவீத வட்டி கிடைக்கும். இந்திய வீடுகளில் சுமார் 25,000 டன் தங்கம் இருப்பதாக உலகத் தங்கக் குழுமம் மதிப்பிட்டிருந்தது. 2024 நவம்பர் வரை இத்திட்டத்தில் சேர்ந்தது 31 டன்னுக்குச் சற்று மேல். பாட்டி போட்டிருந்த காசுமாலை உருகித் திரும்பி வராது என்பதை ‘உணர்ச்சிப் பிணைப்பு’ என்று அறிக்கைகள் கடந்துபோகின்றன. அதனோடு, உருக்கியபின் கழிக்கப்படும் கல், அரக்கு, சேதாரம் ஆகியவற்றின் எடையும், எங்கிருந்து வந்தது என்று நாளை யாராவது கேட்பார்களோ என்ற அச்சமும் சேர்த்துப் பார்க்கத் தக்கவை. நடுத்தர, நீண்ட கால வைப்புகளை அரசு 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டது. உடன் பிறந்த திட்டமான தங்கப் பத்திரம், நகைக்குப் பதில் தங்க விலையோடு ஏறி இறங்கும் காகிதத்தைக் கொடுத்தது. முதல் வெளியீட்டில் கிராம் 2,684 ரூபாய்க்கு வாங்கியவர்களுக்கு எட்டாண்டு கழித்து 6,132 ரூபாய் கிடைத்தது. வாங்கியவருக்கு இது லாபம், கொடுத்த அரசுக்குச் சுமை. 2024 பிப்ரவரிக்குப் பின் புதிய வெளியீடு இல்லை. தங்க ஆசையைக் காகிதத்துக்கு மாற்றுவதற்கென வந்த திட்டம், ஆசைப்பட்டவர்களின் கணிப்பே சரி என்று கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு முடிந்தது. 2025 அக்டோபரில் சவரன், அதாவது 8 கிராம், 90,000 ரூபாயைக் கடந்தபோது, இத்தனை ஆண்டுகளாக அறிவுரை கேட்டு நடந்தவர்கள்தாம் ஏமாந்தவர்களாகத் தெரிந்தார்கள்.

ஓசையின்றி நடந்த மாற்றங்களை ஆய்வுகள் அதிகம் கவனிப்பதில்லை. சிதம்பரம் நகரில் வளர்ந்த கவரிங் நகைத் தொழில் அவற்றில் ஒன்று. பேருந்திலும் கோயில் கூட்டத்திலும் சங்கிலிப் பறிப்புக்கு அஞ்சி, தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டுக் கவரிங் போட்டுச் செல்வது இன்று எல்லாத் தட்டிலும் இயல்பாகிவிட்டது. அலங்காரம் என்ற வேலையைத் தங்கத்திடமிருந்து கவரிங் எடுத்துக்கொண்டது. எந்த அமைச்சரும் சொல்லித் தரவில்லை. சேமிப்பு, அடகு, சீர் என்ற வேலைகளை எடுத்துக்கொள்ள எதுவும் வராததால் அவை தங்கத்திடமே இருக்கின்றன. அவற்றைத் தங்கத்திடமே நிலைநிறுத்துவதில் மாநில அரசுக்கும் பங்கிருக்கிறது. கூட்டுறவு வங்கிகளில் ஐந்து சவரன் வரை வைத்த நகைக்கடன்களைத் தகுதியுள்ளோருக்குத் தள்ளுபடி செய்வதாக 2021இல் அறிவிப்பு வந்தது. விவசாயியும் கூலியாளும் கடன் வாங்கும் முதன்மை வழி நகைதான் என்ற நடைமுறையை அது அப்படியே ஏற்றுக்கொண்டது.

இந்தப் பின்னணியில்தான் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தின் கதை முக்கியமாகிறது. 1989இல் ஏழைப் பெண்களின் திருமணத்துக்குப் பண உதவியாகத் தொடங்கிய இத்திட்டத்தில், 2011இல் ஜெயலலிதா அரசு தாலிக்கென 4 கிராம் தங்கத்தைச் சேர்த்தது. 2016இல் அது 8 கிராம், ஒரு முழுச் சவரன் ஆயிற்று. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய சுயமரியாதை இயக்கத்தவரின் பெயரில் அரசே தாலிக்குத் தங்கம் கொடுத்த முரண் அன்று பெரிதாகப் பேசப்படவில்லை. 2022இல் அத்திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது: அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். தங்கத்தை நிறுத்தியது ஏழைப் பெண்ணுக்கு இழப்பு என்ற எதிர்ப்பு எழுந்தது. தங்கம் ஏறியிருக்கும் விலையைப் பார்த்தால் அந்த வாதம் வலுவானதும்கூட. மூன்றாண்டுப் படிப்புக்கு 36,000 ரூபாய் என்பது 2025 அக்டோபரில் ஒரு சவரன் விற்ற விலையில் பாதிக்கும் கீழே. ஆனால் இதுவரை கண்ட திட்டங்களில் இது ஒன்றுதான் தங்கத்தை இகழாமலும், அதைக் கேட்காமலும், அது பெண்ணுக்குச் செய்துவந்த காவல் வேலையைச் சம்பாதிக்கும் தகுதியிடம் ஒப்படைக்க முயல்கிறது.

திருவானைக்காவலிலிருந்து வடக்கே கொள்ளிடம் தாண்டிச் சென்றால் வரும் சமயபுரத்தில் வேறொரு வகைத் தீர்வு நடந்திருக்கிறது. பக்தர்கள் காணிக்கையாகச் செலுத்தி, கோயிலுக்குப் பயன்படாமல் கிடந்த பலமாற்று, அதாவது வெவ்வேறு தரமுள்ள, தங்கப் பொருட்களை, ஓய்வுபெற்ற நீதிபதிகளின் மேற்பார்வையில் பிரித்து, மும்பையிலுள்ள அரசு உருக்காலையில் கட்டிகளாக்கி, ஸ்டேட் வங்கியில் முதலீடு செய்யும் பணியை 2021இல் தமிழக அரசு தொடங்கியது. 2025 வரை 21 கோயில்களிலிருந்து சேர்ந்த 1,000 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தில் சமயபுரம் மாரியம்மனுடையது மட்டும் சுமார் 424 கிலோ. மொத்த முதலீட்டுக்கு ஆண்டு வட்டி 17 கோடி ரூபாய்க்கு மேல். வீடுகள் தர மறுத்ததை அம்மன் தந்தாள் எனலாம். தன் தங்கத்தை யாரிடமும் அடகு வைக்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை.